டீசல் காரில் டர்போ பூஸ்ட்டை எது கட்டுப்படுத்துகிறது?

மேடு ஏறும்போது வண்டியின் இழுவை திடீரென்று போய்விடுகிறது, சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது, மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார், பூஸ்ட்டை எதுதான் கட்டுப்படுத்துகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து டர்போவைக் கழற்றச் சம்மதிக்காதீர்கள், இப்போதைக்கு. எனக்கும் இதுவேதான் நடந்தது, தொப்பூர் கணவாயில். சேலத்திலிருந்து தருமபுரிப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தேன். மூன்றாவது கியரிலேயே வண்டி திணறியது; எஞ்சின் விளக்கு எரிந்தது. பின்னால் லாரிகள், வண்டியில் அம்மா. அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை.

டர்போ தானாக எதையும் முடிவு செய்வதில்லை. சைலன்ஸருக்குப் போகும் சூடான வாயு ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். அந்தக் காற்றழுத்தம்தான் பூஸ்ட். அடக்க ஆள் இல்லையென்றால் வேகம் ஏறிக்கொண்டே போகும்.

அடக்குவதற்குப் பழைய வழி வேஸ்ட்கேட். பூஸ்ட் அளவு மீறினால் அந்தக் காற்றழுத்தமே ஒரு ஸ்பிரிங்கைத் தள்ளி, சின்னக் கதவைத் திறந்து, வாயுவைச் சக்கரத்தில் படாமல் வெளியே விட்டுவிடும். ஸ்விஃப்ட்டில் வந்த 75 குதிரைத்திறன் 1.3 மல்டிஜெட் டீசல் எஞ்சினில் இந்த ஏற்பாடுதான். அதே எஞ்சினின் 90 குதிரைத்திறன் வகையில் இருப்பது விஜிடி, அதாவது வேரியபிள் ஜியோமெட்ரி டர்போ.

விஜிடியில் சக்கரத்தைச் சுற்றிலும் அசையும் தகடுகள் இருக்கும். ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் எப்படிப் பீய்ச்சுகிறது? அதுபோல, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது தகடுகள் நெருங்கி வாயுவை வேகப்படுத்தும். எஞ்சின் வேகம் ஏற ஏற விலகிக்கொள்ளும். தகடுகளை அசைப்பது பல கார்களில் வேக்யூம்தான், அதாவது காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுவிசை. பிரேக்குக்கு வேக்யூம் தரும் அதே பம்பிலிருந்து வருவது. நடுவில் மின்சாரத்தால் திறந்து மூடும் ஒரு சோலனாய்டு வால்வு. எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் (இன்டேக்) இருக்கும் மேப் சென்சார் அழுத்தத்தைச் சொல்ல, எஞ்சினை நடத்தும் கணினியான இசியு அந்த வால்வை நொடிக்குப் பல முறை திறந்து மூடி, எவ்வளவு வேக்யூம் போகவேண்டும் என்று தீர்மானிக்கிறது. கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒத்துவராவிட்டால் எஞ்சினைக் காப்பாற்ற டீசலைக் குறைத்துவிடும். லிம்ப் மோட் என்பது அதுதான். சாவியை அணைத்தால் சரியாவதும் அதனால்தான். இசியு முதலிலிருந்து முயன்று பார்க்கிறது.

என் வண்டியிலும் டர்போ போய்விட்டது என்றே சொன்னார்கள். உண்மையில் சோலனாய்டுக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது. விரல் நீளத் துண்டு!

முதலில் ஸ்கேனர் போட்டு, இசியு பதிந்து வைத்திருக்கும் பழுதுக் குறியீட்டு எண்ணைக் கேளுங்கள். பி0299 என்றால் பூஸ்ட் போதவில்லை: ஹோஸ், சோலனாய்டு, இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) குழாய்க் கசிவு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி0234 என்றால் பூஸ்ட் மீறுகிறது. கரி படிந்து தகடுகள் இறுகியிருக்கலாம், பல நேரம் கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும். வேக்யூம் வகையாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு. ஒருவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் தகடுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் அது உள்ளே இழுபடும், அணைத்ததும் திரும்பும். அசையவே இல்லையென்றால் ஹோஸிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கம்பியின் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் திருக விடாதீர்கள்.