கடலோடு போனவர்களுக்கு விளக்கு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் புரூம் நகரில் சிப்பி குளித்த ஜப்பானியர், புயலில் உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு எப்படிச் சடங்கு செய்தார்கள்? நம் ஆடி அமாவாசை போன்றதா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: நோக்கம் நெருக்கமானது, முறை வேறு. அவர்கள் அங்கே தேடியது முத்தைவிடப் பொத்தான் செய்ய உதவும் சிப்பி ஓட்டைத்தான். பலர் ஜப்பானின் வாகயாமா மாநிலத்தின் தாய்ஜி போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள். 1887, 1935 புயல்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 140 பேரைக் கொண்டுபோயின. புரூமின் ஜப்பானியர் இடுகாட்டில் 707 கல்லறைகளில் 919 பேர் இருக்கிறார்கள். 1908 புயலில் கடலில் மாண்டவர்களுக்கு அங்கேயே ஒரு பெரிய கல்தூண் நிற்கிறது. உடல் இல்லாதவருக்கு அதுதான் கல்லறை.

சடங்கு, ஆகஸ்டில் வரும் ஓபோன். 13ஆம் தேதி முன்னோரை வரவேற்று, 16இல் வழியனுப்புவது வாகயாமா வழக்கம். முதலில் களை பிடுங்கி, கல்லில் தண்ணீர் ஊற்றி மென்மையான தூரிகையால் துடைக்க வேண்டும். கம்பித் தூரிகை மட்டும் வேண்டாம். அங்குள்ள கற்களில் பல கடற்கரைப் பாறையில் வெட்டியவை, எழுத்தின் விளிம்பு உதிர்ந்துவிடும். பெயர் அழிந்தால் அந்த மனிதருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. பிறகு பூ, ஊதுபத்தி, சோறு, இறந்தவருக்குப் பிடித்த பானம். வழியனுப்பும் இரவில் காகித விளக்குகளைக் கடலில் விடுவார்கள். தண்ணீரில் போனவருக்குத் தண்ணீர்தானே வழி!

கேள்வி: விட்ட விளக்கு கரைக்கே திரும்பினால் என்ன செய்வது?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: திரும்பாதபடி நேரம் பார்த்து விட வேண்டும். புரூமில் கடல் ஏறும் வெள்ளத்துக்கும் இறங்கும் வற்றுக்கும் இடையே நீர்மட்டம் ஏறத்தாழ 10 மீட்டர்வரை மாறும். ஓபோன் தேதியை மாற்ற முடியாது, மணியைத்தான் மாற்ற முடியும். வெள்ளம் உச்சம் தொட்டு வற்றத் தொடங்கிய அரை மணிக்குள் விடுவது நல்லது. ஏறும் வெள்ளத்தில் விட்டால் எல்லாம் காலடிக்கே வரும். நன்றாக வற்றிய பிறகென்றால் நீரைத் தேடிச் சேற்றில் நடக்க வேண்டும். பிற்பகலில் கடலிலிருந்து வீசும் காற்று அடங்கும்வரை பொறுங்கள்.

விளக்கின் அடிப்பலகை, காகிதக் கூட்டின் உயரத்தைவிட அகலமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சிற்றலையிலேயே கவிழும். மெழுகுவர்த்தி குட்டையாக, உருகிய மெழுகில் ஒட்டியபடி நடுவில். மேற்புறம் திறந்திருக்க வேண்டும், மூடினால் காகிதம் தீப்பிடிக்கும். பெயரைக் கரையாத மையில் எழுதுங்கள். நெகிழி வேண்டவே வேண்டாம். மறுநாள் காலையில் கரை ஒதுங்கியவற்றைச் சேகரிப்பதும் சடங்கில் ஒரு பகுதியே.

கேள்வி: இன்றும் நடக்கிறதா?
– வாசகர், சென்னை

பதில்: இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கிருந்த ஜப்பானியர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், சமூகம் சிதறியது. 1970இல் ஓபோனையும் சீனர், மலாய் மக்களின் விழாக்களையும் சேர்த்து ஷிஞ்ஜு மட்சுரி என்ற நகர விழா பிறந்தது. ‘முத்துத் திருவிழா’ என்று பொருள். மிதக்கும் விளக்குகள் அதிலும் உண்டு.