லேயர் நிறத்தை மாற்றியும் தூண் பிளாக் ஏன் மாறவில்லை?

செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீடு ஒன்றை ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து, வளவுத் (உள்முற்றத்துத்) தூண்களை பிளாக்காக, அதாவது ஒருமுறை வரைந்து பல இடங்களில் வைக்கும் தொகுப்பாக, வைத்திருக்கிறீர்கள். தூண்களை வைத்த லேயரின் (வரைபட அடுக்கின்) நிறத்தை மாற்றியும் அவை பழைய நிறத்திலேயே நிற்பது ஏன் என்று கேட்கிறீர்கள்.

காரணம் பிளாக்குக்கு உள்ளே இருக்கிறது. உள்ளிருக்கும் கோடுகளை வேறொரு லேயரில் வரைந்திருந்தால், பிளாக்கை எங்கே வைத்தாலும் அவை அந்த லேயரையே பிடித்துக்கொள்ளும். ‘0’ என்ற பெயருள்ள லேயரில், நிறம் ‘பைலேயர்’ (லேயரின் நிறமே) என்று வரைந்தவை, பிளாக்கை வைத்த லேயரின் நிறத்தை எடுக்கும். சரி, பிஎடிட் (BEDIT) கட்டளையில் தூணைத் திறந்து, எல்லாக் கோடுகளையும் அப்படி மாற்றிச் சேமியுங்கள். வளவில் இருபது தூண் இருந்தாலும் ஒரே நேரத்தில் மாறிவிடும்.

நிலைக்கதவுக்கு மட்டும் நான் வேறு மாதிரி செய்வேன். கதவுச் சட்டம் 0 லேயரில், செதுக்கு வேலை தனி லேயரில். 1:100 அளவில் அச்செடுக்கும்போது அந்தச் செதுக்கல் கருப்புத் திட்டாகிவிடும். அப்போது செதுக்கல் லேயரை மட்டும் ஃப்ரீஸ் செய்து மறைத்துவிடலாம்.

அப்புறம், கதவு பிளாக்கை வைத்திருக்கும் லேயரை ஃப்ரீஸ் செய்தால் கதவு முழுசாக மறையும். வெறுமனே ஆஃப் செய்தால் சட்டம் போய், செதுக்கல் மட்டும் அந்தரத்தில் நிற்கும்.