வளர்த்த அணிக்கு நன்றி வேண்டாமா?

கேள்வி: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தைச் சில வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பத்தொன்பது வயதில் எடுத்து, நான்கு வருடம் பயிற்சி கொடுத்து ஆளாக்கிய அணி இருக்கும்போது, இன்னோர் அணி நீட்டும் ஒப்பந்தத்தில் ஒரு வீரர் கையெழுத்துப் போடுவது நன்றிகெட்ட செயல் இல்லையா? அதே பணத்தைச் சொந்த அணியும் கொடுத்துவிடுகிறது. அப்புறம், வேறு அணி கொடுக்கும் ஒப்பந்தத்தைச் சமன் செய்து வீரரைப் பழைய அணியே வைத்துக்கொள்ளும் இந்த ரெஸ்டிரிக்டட் ஃப்ரீ ஏஜென்சியில் வீரருக்கு என்ன அநியாயம்?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நன்றி என்ற சொல்லை நீங்கள் தவறான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். அந்த அணியை வீரர் தேர்ந்தெடுக்கவில்லை. புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் அணிதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குச் சம்பளம் எவ்வளவு என்பது அட்டவணையில் முன்பே எழுதியிருக்கிறது. முதல் இரண்டு வருடம் உறுதி. மூன்றாவது, நான்காவது வருடங்களில் வைத்துக்கொள்வதா, விடுவதா என்பது அணியின் விருப்பம். இந்த நான்கு வருடத்தில் ஒரு பையன் நட்சத்திரமாகிவிட்டாலும் அட்டவணைச் சம்பளம்தான். பயிற்சிக்கான கூலியை அணி இதிலேயே எடுத்துக்கொண்டுவிடுகிறது.

நான்கு வருடம் முடிந்ததும் அவர் சுதந்திரமாக வெளியே போகலாமா என்றால், அதுவும் இல்லை. குவாலிஃபையிங் ஆஃபர் என்ற ஒரு வருடச் சம்பளத்தை அணி அறிவித்துவிட்டால் போதும், அவர் ரெஸ்டிரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் ஆகிவிடுவார். வேறு அணி தான் தரும் ஒப்பந்தத்தை எழுதி, ஆஃபர் ஷீட் என்ற அந்தத் தாளில் அவரிடம் கையெழுத்து வாங்கலாம். ஆனால் பழைய அணி அதே தொகைக்குச் சம்மதித்துவிட்டால் வீரர் அங்கேயே இருந்தாக வேண்டும். ‘எனக்கு அங்கே இருக்க விருப்பமில்லை’ என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது.

‘அதே பணம் கிடைக்கிறதே’ என்கிறீர்கள். கேள்வியின் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. அந்தப் பணத்தை முதலில் யாராவது நீட்ட வேண்டுமே! ஓர் அணி வீரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஆஃபர் ஷீட் கொடுத்த அணியின் உச்சவரம்பில் அந்தத் தொகைக்கான இடம், பழைய அணி பதில் சொல்லும்வரை பூட்டப்பட்டுவிடும். ஒரு காலத்தில் ஏழு நாள் அவகாசம் இருந்தது. பிறகு மூன்று, இரண்டு என்று குறைந்துகொண்டே வந்தது. ஓரிரு நாளானாலும், ஒப்பந்தங்கள் பேசி முடிக்கப்படும் ஜூலை முதல் வாரத்தில் அது பெரிய இழப்பு, அதற்குள் நல்ல வீரர்கள் வேறு இடங்களுக்குப் போய்விடுவார்கள். கடைசியில் பழைய அணி ‘நாங்களே தருகிறோம்’ என்று சொல்லிவிடும். எப்படியும் கிடைக்காத ஆளுக்காக எந்த மேலாளர் தன் ஜூலையை வீணாக்குவார்? அதனால் பலர் கேட்பதே இல்லை. கேட்க ஆளில்லாத பொருளுக்கு விலை இறங்கத்தானே செய்யும்?

2025 கோடையைப் பாருங்கள். ஜோஷ் கிடி, ஜொனதன் கமிங்கா, குவென்டின் கிரைம்ஸ், கேம் தாமஸ் ஆகிய நால்வரும் ரெஸ்டிரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்கள். கிடிக்கு செப்டம்பர் வரை இழுத்து நான்கு வருடம், 100 மில்லியன் டாலர் என்று முடிந்தது. கமிங்கா செப்டம்பர் கடைசியில்தான் கோல்டன் ஸ்டேட்டோடு இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு வந்தார், அதிலும் இரண்டாவது வருடம் அணியின் விருப்பம். கிரைம்ஸும் தாமஸும் ஒரு வருட குவாலிஃபையிங் ஆஃபரையே எடுத்துக்கொண்டார்கள். காயங்களுக்கு நடுவிலும் முந்தைய சீசனில் ஆட்டத்துக்கு 24 புள்ளி எடுத்த தாமஸுக்கு அதில் கிடைத்தது சுமார் 6 மில்லியன். காரணம் எளிது. அந்தக் கோடையில் பெரிய தொகை கொடுக்க இடம் வைத்திருந்த அணி அநேகமாக புரூக்ளின் ஒன்றுதான், அதுவே அவருடைய சொந்த அணி. அவருக்காக யாரோடு யார் போட்டி போடுவது? இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வயதுப் பையன்கள் மூன்று மாதம் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

இந்த முறையால் அணிகளும் எப்போதும் பிழைத்துவிடுவதில்லை. கோர்டன் ஹேவர்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நீட்டிப்பு பேசி முடிக்காமல் யூட்டா அணி அவரை 2014 கோடையில் சந்தைக்கு அனுப்பியது. சார்லட் நான்கு வருடத்துக்கு 63 மில்லியன் நீட்டியது. யூட்டா அதைச் சமன் செய்து வைத்துக்கொண்டது. ஆனால் அந்த ஷீட்டை எழுதியது சார்லட், மூன்று வருடத்தில் வெளியேறும் வழியும் அதிலேயே இருந்தது. 2017இல் ஹேவர்ட் முதல்முறையாக, சிறந்த வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார், அதே ஜூலையில் பாஸ்டனுக்குப் போய்விட்டார். யூட்டாவுக்குப் பதிலாக ஒரு வீரரும் கிடைக்கவில்லை. தானே பேசி ஐந்து வருடம் கொடுத்திருந்தால் 2019 வரை அவர் அங்கேயே இருந்திருப்பார்.

அதே உரிமையை டென்வர் கையாண்ட விதம் வேறு. 2014 டிராஃப்டில் 41ஆவது ஆளாக எடுத்த நிகோலா யோகிச்சை, 2018இல் இன்னும் ஒரு வருடம் சுமார் 1.6 மில்லியனுக்கு வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை இருந்தது. கணக்குப்பிள்ளையாக மட்டும் யோசித்தால் அதைத்தான் செய்ய வேண்டும். டென்வர் அந்த மலிவான வருடத்தைத் தானாக விட்டுக்கொடுத்தது. காரணம், அதைப் பயன்படுத்தியிருந்தால் 2019இல் அவர் எந்தத் தடையுமின்றி எங்கும் போகலாம். ஒரு வருடம் முன்பே விட்டதால் ரெஸ்டிரிக்டட் ஆனார். ஆனதும் மற்றவர்கள் விலை சொல்லட்டும் என்று காத்திருக்காமல், உடனே ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 147 மில்லியன் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஐந்தாவது சீசனில், 2023இல், டென்வர் தன் முதல் என்.பி.ஏ. பட்டத்தை வென்றது.

சரி, அணிக்கு ஒரு முன்னுரிமையும் கூடாதா என்று கேட்பீர்கள். இருக்கட்டும், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்க வேண்டும். நம் ஐ.பி.எல்.லில் 2024 நவம்பர் ஏலத்தை நினைத்துப் பாருங்கள். ரச்சின் ரவீந்திராவுக்குப் பஞ்சாப் 3.20 கோடி கேட்டது. தன் பழைய வீரரை அதே விலைக்கு வைத்துக்கொள்ள உதவும் ரைட் டு மேட்ச் அட்டையைச் சென்னை தூக்கியதும், பஞ்சாபுக்கு இன்னொரு முறை விலையை உயர்த்த வாய்ப்பு கொடுத்தார்கள். அது 4 கோடி என்றது, சென்னை அதைக் கொடுத்தது. வைத்துக்கொள்ளும் உரிமையைச் சென்னை பயன்படுத்தியதால் அந்த வீரருக்கு 80 லட்சம் கூடியது. எல்லாம் சில நிமிடங்களில் முடிந்தது, யாருடைய பணமும் பூட்டிக் கிடக்கவில்லை. என்.பி.ஏ.வில் வைத்துக்கொள்ளும் அணி கூடுதலாக ஒரு டாலர்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

வீரர்கள் அணி மாற விடாத விதிகளை எதிர்த்து ஆஸ்கர் ராபர்ட்சன் என்ற வீரர் 1970இல் லீக்கின் மீது வழக்குப் போட்டு, 1976இல் சமரசம் ஏற்பட்டு, அதற்கும் பன்னிரண்டு வருடம் கழித்துத்தான் டாம் சேம்பர்ஸ் முதல் முழுச் சுதந்திர ஃப்ரீ ஏஜென்டாக சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போக முடிந்தது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை. அடுத்த பேச்சுவார்த்தையில் வீரர் சங்கம் இரண்டைக் கேட்க வேண்டும்: ஆஃபர் கொடுத்த அணியின் இடத்தைப் பூட்டாதீர்கள், வைத்துக்கொள்கிற அணி கூடுதலாகக் கொடுக்கட்டும். அதுவரை, தன் விலை என்ன என்று கேட்டுப் பார்க்க ஒரு வீரருக்கு இருக்கும் ஒரே வழி, இன்னோர் அணியின் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதுதான். அதைச் செய்தவரைத் தயவுசெய்து நன்றிகெட்டவர் என்று சொல்லாதீர்கள்.