ஏர் கூலரா, வாட்டர் கூலரா? கேள்வி பதில்

கேமிங் கம்ப்யூட்டருக்கு எந்தக் கூலர் போடலாம் என்று வந்த கேள்விகளை வரிசையாக எடுத்துக்கொள்கிறேன். பிராசசர், கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் மூன்றையும் எழுதியவர்களுக்கு விரிவாகச் சொல்லலாம். ஏஐஓ என்பது பம்ப், குழாய், ரேடியேட்டர் எல்லாம் சேர்த்து அடைத்து வரும் வாட்டர் கூலர். 240, 280, 360, 420 என்பவை அதன் ரேடியேட்டரில் ஃபேன்கள் வரிசையாக உட்காரும் நீளம், மில்லிமீட்டரில்.

கார்முகில்: அண்ணா, ரைசன் 7 7800எக்ஸ்3டி, ஆர்டிஎக்ஸ் 4070. கேம் மட்டும்தான். 360 ஏஐஓ இல்லாவிட்டால் பிராசசர் வெந்துவிடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள்.

வேகாது. பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும் இந்தப் பிராசசர் கேமில் பெரும்பாலும் 50 முதல் 80 வாட்டுக்குள்தான் இழுக்கும். இரட்டைக் கோபுர ஏர் கூலர், அதாவது தகடுகளின் அடுக்கு இரண்டு உள்ளது, ஒன்று தாராளமாகப் போதும்.

இந்தப் பிராசசரில் கூடுதல் கேஷ் மெமரி (பிராசசரின் அதிவேக நினைவகம்) சில்லின் மேலே அடுக்கப்பட்டிருக்கிறது. வெப்பம் அந்த அடுக்கைத் தாண்டித்தான் மூடிக்கு வரவேண்டும். தடை அங்கேயே இருப்பதால், மேலே எவ்வளவு பெரிய கூலர் வைத்தாலும் கிடைக்கும் லாபம் சிறிதுதான். 89 டிகிரி வரை இது அனுமதிக்கப்பட்ட சூடு. கேமில் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது கிராபிக்ஸ் கார்டைப் பற்றி. அது 200 வாட் வெப்பத்தைக் கேபினெட்டுக்குள்ளேயே கொட்டுகிறது. ஏஐஓவுக்கு வைத்திருக்கும் பணத்தில் முன்பக்கம் வலை போட்ட நல்ல கேபினெட்டும் ஃபேன்களும் வாங்குங்கள். அப்புறம், கூலரின் அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்த பிறகே மாட்டுங்கள்.

தென்றல்: இரண்டும் எப்படி வேலை செய்கின்றன? தண்ணீர் என்றாலே குளிர்ச்சிதானே?

இரண்டுமே கடைசியில் காற்றால்தான் குளிர்கின்றன. ஏர் கூலரில் தெரிகிற செம்புக் குழாய்கள் திடமான கம்பிகள் அல்ல. உள்ளே காற்றழுத்தம் குறைத்து, பெரும்பாலும் கொஞ்சம் தண்ணீரை வைத்து அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அது குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மேல் முனைக்குப் போய்த் தகடுகளுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப நீராகும். உள்சுவரில் உள்ள துளைத்துளையான படலம் அந்த நீரைக் கீழே இழுத்து வரும். இதில் பழுதாக ஃபேனைத் தவிர எதுவும் இல்லை.

வாட்டர் கூலரில் அதே வெப்பத்தைப் பம்ப் ஒன்று திரவத்தின் வழியாக ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, அங்கே ஃபேன்கள் அதைக் காற்றில் விடுகின்றன. தண்ணீர் இருக்கிறது என்பதற்காக அறையின் வெப்பநிலைக்குக் கீழே போய்விட முடியாது. 34 டிகிரி அறையில் எந்த வாட்டர் கூலரும் பிராசசரை 30 டிகிரிக்குக் கொண்டுவராது.

மின்மினி: கோர் ஐ9 14900கே. கேமோடு வீடியோ ரெண்டரும் உண்டு. ஏர் போதுமா?

உங்களுக்கு வாட்டர். முழுச் சுமையில் இது 253 வாட் வரை இழுக்கும். ரெண்டர் என்றால் அந்தச் சுமை மணிக்கணக்கில் நீடிக்கும். 360 அல்லது 420 ரேடியேட்டர் பாருங்கள். ஃபேன் முகப்பின் பரப்பில் 280க்கும் 360க்கும் வித்தியாசம் அதிகமில்லை, 39,200க்கு 43,200 சதுர மில்லிமீட்டர். எனவே கேபினெட்டில் 280தான் பிடிக்கும் என்றால் வருத்தப்பட வேண்டாம்.

இன்னொன்று. இன்டெலின் 13, 14வது தலைமுறையில் வோல்டேஜ் எகிறிப் பிராசசர் கெடும் பிரச்சினை இருந்தது. 2024இல் அதைச் சரிசெய்யும் மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) வந்தது. அது சேர்ந்த பயாஸை (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) போட்டபின் கூலரைப் பற்றி யோசியுங்கள்.

அலைவரிசை: ஒரே பிராசசரில் இரண்டையும் மாட்டி ஐந்து நிமிடம் சோதித்தேன். வாட்டரில் 12 டிகிரி குறைவு. இதற்குமேல் என்ன பேச்சு?

ஐந்து நிமிடம் போதாது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வேண்டும். அலுமினியத்துக்கு 0.9, செம்புக்கு 0.39. அதனால் ஏர் கூலர் சீக்கிரம் அதன் உச்சத்தைத் தொட்டுவிடும். திரவமோ மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். நிலைக்கு வரக் கால் மணி முதல் அரை மணி நேரம் ஆகலாம். நீங்கள் ஒப்பிட்டது சூடேறி முடித்த கூலரையும் பாதி வழியில் இருந்த கூலரையும். அரை மணி ஓடவிட்டு, அறை வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு, இரண்டிலும் ஃபேன் சத்தத்தை ஒரே அளவில் வைத்து மறுபடி பாருங்கள்.

அலைவரிசை: கேமில் சுமை அரை மணி நேரம் ஒரே சீராக இருக்காதே? லோடிங், ஷேடர் கம்பைல் (காட்சிக்கான சிறு நிரல்களைக் கேம் தயார்செய்வது) என்று விட்டு விட்டு எகிறும். அதைத் தண்ணீர் உள்வாங்கிக்கொள்வது பலன்தானே?

நல்ல கேள்வி. பலன் உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் இடத்தில் இல்லை. சுமை ஏறிய கணமே சில்லின் சூடு குதிக்கும். வெப்பம் திரவத்தை எட்டும் முன்பே அது நடந்துவிடும், எந்தக் கூலராலும் தடுக்க முடியாது. பலன் சத்தத்தில்தான். திரவத்தின் வெப்பநிலையைப் பார்த்து ஃபேன் சுற்றும்படி வைத்தால் அந்தக் குதிப்புக்கெல்லாம் ஃபேன் பதறாது. பிராசசர் சூட்டைப் பார்த்துச் சுற்ற விட்டால் வாட்டர் கூலரும் ஏறி இறங்கி இரையும். ஏர் கூலரிலும் பயாஸில் ஃபேன் வேகம் மாறச் சில விநாடி தாமதம் வைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும்.

குறிஞ்சி: அப்படியென்றால் அரை மணி கழித்து இரண்டும் ஒன்றுதான். வாட்டர் வெறும் அலங்காரம் என்று ஒத்துக்கொள்ளுங்கள்.

ஒத்துக்கொள்ள மாட்டேன். 250 வாட் தொடர்ந்து வந்தால் பெரிய ரேடியேட்டர் அரை மணி கழித்தும் முன்னால்தான் நிற்கும். மூன்று ஃபேன் அகலத்துக்குக் காற்றை வாங்குகிறது, வெப்பத்தைக் கேபினெட்டின் விளிம்புக்கே கொண்டுபோய் வெளியே தள்ளுகிறது. 80 வாட் என்றால் வித்தியாசம் சில டிகிரிதான், அதனால் கேமில் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. எத்தனை வாட், எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் இந்தச் சண்டையைப் போடுவதில் பயனில்லை. இரண்டு பேரும் இத்தோடு விடுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

பனித்துளி: ரைசன் 5 5600க்கு ஏர் போதுமா?

போதும்.

நெய்தல்: கோர் ஐ5 12400க்கு 240 ஏஐஓ வேண்டுமா?

வேண்டாம். ஒற்றைக் கோபுர ஏர் கூலர். தாளை உரியுங்கள்.

வெண்புறா: ரைசன் 5 7600க்கு?

ஏர். இதே வகைக் கேள்வி இன்னும் நிறைய இருக்கிறது. கார்முகிலுக்குச் சொன்னதைப் படித்தால் எல்லாவற்றுக்கும் பதில் கிடைக்கும்.

சாரல்: ரைசன் 7 7700எக்ஸ் முழுச் சுமையில் 95 டிகிரி. கூலர் கெட்டுவிட்டதா?

இல்லை. அந்தத் தலைமுறையின் எக்ஸ் மாடல்கள் 95ஐத் தொடும்வரை வேகத்தை ஏற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. பயாஸில் ஈகோ மோடு, அதாவது குறைந்த வாட் வரம்பு, போட்டுப் பாருங்கள், சூடு நன்றாக இறங்கும், கேமில் இழப்பு மிகக் குறைவு. ஆனால் சும்மா இருக்கும்போதே 80, 90 காட்டினால் அது வேறு. கூலரைக் கழற்றி அந்தப் பிளாஸ்டிக் தாள் இருக்கிறதா என்று பாருங்கள்.

வானவில்: ரேடியேட்டரை முன்னால் மாட்டுவதா, மேலேயா? ஒழுகுமோ என்றும் பயம்.

மேலே இடம் இருந்தால் மேலே. அடைத்த கூலரிலும் குழாய்ச் சுவர் வழியாக வருடக்கணக்கில் கொஞ்சம் திரவம் கசிந்து ஆவியாகும், அந்த இடத்தைக் காற்று பிடிக்கும். காற்று எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும். அந்த உயரமான இடம் ரேடியேட்டராக இருக்க வேண்டும். பம்ப் உச்சியில் இருந்தால் காற்றை மென்று கடகடவென்று இரைந்து சீக்கிரம் சாகும். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் ரேடியேட்டரைக் கேபினெட்டின் அடியில் மாட்டிய படங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம்.

முன்னால் மாட்டினால் பிராசசருக்கு வெளிக்காற்று கிடைக்கும், கிராபிக்ஸ் கார்டுக்குச் சூடான காற்று போகும். அப்படி மாட்டும்போது ரேடியேட்டரின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

ஒழுகுவது அரிது. அதைவிடப் பம்ப் நின்றுபோக வாய்ப்பு அதிகம். உத்தரவாதக் காலத்தைப் பார்த்து வாங்குங்கள். அது முடிந்து சில வருடங்களில் மாற்றவேண்டி வரும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைமேகம்: என் லேப்டாப் சூடாகிறது.

லேப்டாப் தனிப் பிரிவு, அதில் வேலை செய்பவரிடம் கேளுங்கள்.

கடலோரம்: பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நானே குழாய் வளைத்துக் கஸ்டம் லூப் வாட்டர் கூலர் செய்யப் போகிறேன்.

குழாய் வேலை என் துறை இல்லை. ஒன்று மட்டும், செம்பு பிளாக்கோடு (பிராசசர் மேல் உட்காரும் பாகம்) அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரிக்கும்.

இளவேனில்: கேபினெட்டில் கூலர் உயரம் 160 மி.மீ. வரை என்று போட்டிருக்கிறது. நாக்டுவா என்ஹெச்-டி15 வாங்கலாமா?

அது 165 மி.மீ., கேபினெட்டின் பக்கக் கண்ணாடி மூடாது. 155 மி.மீ. அளவில் நல்ல இரட்டைக் கோபுரங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றை எடுங்கள். ரேமின் உயரத்தையும் அளந்துவிடுங்கள். முன் ஃபேன் ரேமின் மேல் உட்கார்ந்தால் அதைத் தூக்கி மாட்ட வேண்டிவரும், அப்போது மொத்த உயரம் மறுபடி 160ஐத் தாண்டிவிடும்.