ஊதா மூடிக் குழாயும் 42,000 பிளேட்லெட்டும்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கண்ணில் கற்றரக்ட் சத்திரசிகிச்சைக்காக எஃப்.பி.சி. (முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை) எடுத்தபோது, இரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட் 42,000 என்று வந்தது. காய்ச்சல் இல்லை, உடம்பில் ஒரு சிவப்புப் புள்ளி கூட இல்லை. மூன்றாம் நாள் வேறோர் ஆய்வுகூடத்தில் 171,000. எதை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: பெரும்பாலும் இரண்டாவதை. பிளேட்லெட்டைக் குறைத்துக் காட்ட இயந்திரத்துக்குப் பல வழிகள் உண்டு. இல்லாததைக் கூட்டிக் காட்டுவது அரிது, உடைந்த செவ்வணுக்கள் நிறைய இருந்தால் ஒழிய.

எஃப்.பி.சி.க்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் இரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற உப்பு இருக்கும். சிலருடைய இரத்தத்தில் அது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இயந்திரம் அளவைப் பார்த்தே எண்ணுகிறது. பத்துப் பதினைந்து சேர்ந்த கட்டியை அது பிளேட்லெட்டாகக் கணக்கெடுக்காது. சில வேளை வெள்ளணுவாகவே எண்ணிவிடும். இரத்தம் ஆற ஆற, நேரம் போகப் போக, ஒட்டுவதும் கூடும். காலையில் எடுத்த குழாய் பிற்பகல்வரை காத்திருந்து பிரதான ஆய்வுகூடத்துக்குப் போனால் எண்ணிக்கை சரியும். எடுத்த கையோடு இயந்திரத்தில் வைத்தால் உண்மைக்குக் கிட்ட வரும். இது குழாய்க்குள் நடப்பது. அம்மாவின் உடம்பில் ஒட்டுவதில்லை, இரத்தம் கசியும் ஆபத்தும் இதனால் இல்லை.

உறுதிப்படுத்த, முதலில் கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைப் பூசி நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொல்லுங்கள். தகட்டின் ஓரத்தில்தான் கட்டிகள் ஒதுங்கும். நடுவை மட்டும் பார்த்தால் தவறிவிடும். அடுத்து நீல மூடி சிட்ரேட் குழாயில் இன்னொரு மாதிரி. அதில் 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு திரவம் இருப்பதால் வரும் எண்ணை 1.1ஆல் பெருக்க வேண்டும்: 150,000 என்றால் 165,000. இதைப் பெருக்காமல் விடும் ரிப்போர்ட்டுகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். சிலருக்குச் சிட்ரேட்டிலும் ஒட்டும். அப்போது தகட்டில் எண்ணி மதிப்பிடுவதுதான் வழி. நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் (எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் லென்ஸில்) ஒரு பார்வைப் புலத்துக்குச் சராசரி 10 பிளேட்லெட் தெரிந்தால், 15,000ஆல் பெருக்க ஏறத்தாழ 150,000.

நரம்பு கிடைக்காமல் மெல்ல மெல்ல இழுத்த இரத்தமும், 8–10 தடவை மெதுவாகக் கவிழ்த்துக் கலக்காத குழாயும் சிறு உறைகட்டி உண்டாக்கி இதே கோலத்தைக் காட்டும். அப்படியானால் மறுபடி எடுத்தாலே போதும்.

கண் வைத்தியரிடமும் மயக்க மருந்து வைத்தியரிடமும் இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டுங்கள். உறுதியானதும் அம்மாவின் கிளினிக் புத்தகத்தில் “ஈ.டி.டி.ஏ.யில் பிளேட்லெட் ஒட்டும்” என்று எழுதி வாங்கி வையுங்கள், அடுத்த முறை வேறோர் இடத்தில் பதற்றப்பட மாட்டார்கள்.

கேள்வி: அப்படியானால் டெங்குக் காய்ச்சலில் வரும் குறைந்த எண்ணையும் நம்பத் தேவையில்லையா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை, அங்கே நம்பித்தான் ஆக வேண்டும். கொழும்பில் காய்ச்சலோடு பிளேட்லெட் குறைந்தால் முதலில் டெங்கு, பிறகுதான் குழாய். பிளேட்லெட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம்: பி.சி.வி. (இரத்தத்தில் செவ்வணுக்களின் சதவீதப் பங்கு) 40இலிருந்து 48ஆக ஏறினால் அது 20 சதவீத உயர்வு, இரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது என்று பொருள். காய்ச்சல் விடும் நேரத்தில்தான் இது வரும், “காய்ச்சல் விட்டிட்டுது” என்று வீட்டுக்காரர் நிம்மதியாகும் அதே நேரம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். ஐபுபுரோஃபென், டைக்லோஃபெனக், அஸ்பிரின் கூடாது.