623526-இல் ஒளிந்திருக்கும் 17

கேள்வி: ராமேஸ்வரத்தில் இருக்கிறோம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் என் மகள், பயிற்சிக்காக எங்கள் பின்கோடு 623526-ஐப் பகாக் காரணிகளாகப் பிரித்தாள். 2 × 3 × 103921 என்று நிறுத்திவிட்டாள். 103921 பகா எண்தானா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: அது பகா எண் அல்ல. இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது.

2-உம் 3-உம் சரி. இலக்கங்களின் கூட்டுத்தொகை 24. அது 9-ஆல் வகுபடாததால் 3 ஒருமுறைதான் வரும். அடுத்து 7, 11, 13. மூன்றுக்கும் ஒரே கழித்தல் போதும், ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டி 623 − 526 = 97 என்று கழியுங்கள். 97 இந்த 7, 11, 13 எதாலும் வகுபடாது. ஆகவே 623526-உம் வகுபடாது.

உங்கள் பகுதி எண்களில் ஒரு வசதி உண்டு. 623 = 7 × 89. அதனால் 623-இல் தொடங்கும் எந்தப் பின்கோடுக்கும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் 7-ஆல் வகுத்துப் பார்த்தால் போதும். மண்டபம் 623518; 518 = 7 × 74, மீதி இல்லாமல் வகுபடும்.

பலரும் 13-ஓடு விட்டுவிடுவார்கள். தவறு நடப்பது அங்கேதான். 17-க்குச் சோதனை: கடைசி இலக்கத்தை 5-ஆல் பெருக்கி, மீதமுள்ள எண்ணிலிருந்து கழிக்க வேண்டும்.

103921: 10392 − 5 = 10387
10387: 1038 − 35 = 1003
1003: 100 − 15 = 85

85 = 17 × 5. ஆகவே 103921 = 17 × 6113. 51 என்பது 17-இன் மடங்கு என்பதால்தான் இந்த 5 வேலை செய்கிறது.

இனி 6113. இதன் வர்க்கமூலம் சுமார் 78.2. இரண்டு காரணிகளுமே அதைவிடப் பெரிதாக இருந்தால் பெருக்கற்பலன் 6113-ஐத் தாண்டிவிடும். ஆகவே 73 வரை உள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். 2, 3, 5 கண்ணாலேயே கழிந்துவிடும். 7, 11, 13 முன்பே கழிந்தாயிற்று. மீதி 17 முதல் 73 வரை 15 எண்கள். 17-ஐ மறுபடியும் பார்க்க வேண்டும், ஒரு காரணி இரண்டுமுறை வரலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. இங்கே 17 × 359 = 6103, மீதி 10. 47-இல் மட்டும் கொஞ்சம் கவனம்: 47 × 130 = 6110, மயிரிழையில் தப்பி மீதி 3. எதுவும் வகுக்கவில்லை, 6113 பகா எண்.

623526 = 2 × 3 × 17 × 6113.

103921-இல் நிறுத்தினால் மொத்தக் காரணிகள் (மீதியின்றி வகுக்கும் எல்லா எண்களும்) 8 என்று வரும். நான்கு பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம் என்பதால் சரியான விடை 2 × 2 × 2 × 2 = 16; தேர்வில் மதிப்பெண் போகும் இடம் இது. ஒவ்வொரு பகா எண்ணோடும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் கூட்டுத்தொகை 3 × 4 × 18 × 6114 = 1320624. அதில் எண்ணையே கழித்தாலும் 697098 மிஞ்சுகிறது. அது 623526-ஐவிடப் பெரிது, எனவே இது மிகை எண்.

சரிபார்க்கக் கால்குலேட்டர் வேண்டாம். 2 × 3 × 17 = 102. 6113-இன் 100 மடங்கு 611300, 2 மடங்கு 12226, கூட்டினால் 623526.