புள்ளியியலா, பொதுக் கொள்கையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ்வழி. அடுத்து எம்.எஸ்சி. புள்ளியியல் சேர்வதா, பொதுக் கொள்கை (பப்ளிக் பாலிசி) படிப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சியில் கேட்டோம். அமெரிக்காவில் பொதுக் கொள்கை படிக்கலாம், வீட்டை அடமானம் வைத்தால் லோன் கிடைக்கும் என்றார்கள். விண்ணப்பத்துக்காக நான் எழுதிய எஸ்ஓபியை (ஏன் படிக்க விரும்புகிறேன் என்ற கட்டுரை) இணைத்திருக்கிறேன்.

என் அம்மா அங்கன்வாடிப் பணியாளர். குழந்தைகளின் எடையைச் செயலியில் ஏற்ற நான்தான் உதவுவேன். பாதிக்கு மேல் எடைகள் முழுக் கிலோவிலோ அரைக் கிலோவிலோதான் முடிகின்றன. இது சும்மா சொன்னது. நான் எதற்கு விண்ணப்பிக்கட்டும்?

ம.

அன்புள்ள ம.,

முதலில் புள்ளியியல் படியுங்கள். பொதுக் கொள்கையை விடச் சொல்லவில்லை, நான்கைந்து ஆண்டுகள் தள்ளி வையுங்கள் என்கிறேன். கணக்கு கையில் இருக்கும் வயதில் அதைத் தொடர்ந்துவிட வேண்டும். இடையில் விட்டுவிட்டு முப்பது வயதில் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குத் திரும்புவது மிகக் கடினம். பொதுக் கொள்கைப் பள்ளிகள் அப்படியல்ல, வேலை பார்த்துவிட்டு வருபவர்களை விரும்பி எடுக்கின்றன. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவே இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அப்புறம், நல்ல கொள்கைப் படிப்புகளே கணக்கைத்தான் கேட்கின்றன. ஹார்வர்டு கென்னடி பள்ளியின் MPA/ID (சர்வதேச வளர்ச்சிக்கான பொது நிர்வாக முதுகலை) படிப்புக்கு நுண்பொருளியலும் பேரியல் பொருளியலும் மட்டும் போதாது, பல மாறிகள் கொண்ட நுண்கணிதமும் படித்திருக்க வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியலையும் பொதுக் கொள்கையையும் சேர்த்தே முனைவர் பட்டம் வாங்கலாம். இரண்டில் ஒன்றை இன்றே கைவிட வேண்டும் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது எஸ்ஓபிக்கு வருகிறேன். “சிறு வயது முதலே சமூகத்துக்குச் சேவை செய்யும் ஆர்வம் கொண்ட நான்” என்று தொடங்கியிருக்கிறீர்கள். இந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ‘சும்மா சொன்னது’ என்று கடிதத்தின் கடைசியில் வைத்தீர்களே, அதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. உங்கள் எஸ்ஓபி அங்கேதான் தொடங்க வேண்டும்.

நீங்கள் கண்டது புள்ளியியலில் நன்கு தெரிந்த ஒரு சிக்கல். மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வயது கேட்டால் பலரும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்றே சொல்வார்கள். அப்படி 0, 5 என்ற இலக்கங்களில் எவ்வளவு குவிகிறது என்று அளக்க விப்பிள் குறியீடு என ஒன்று இருக்கிறது. எடைக்கும் அதேபோல் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆனால் எண் குவிகிறது என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள், ஏன் குவிகிறது என்று எழுதுங்கள். தொங்கு தராசில் குழந்தை அழுது உதைக்கிறது, முள் ஆடுகிறது. அடுத்த குழந்தை வரிசையில் நிற்கிறது, அடுப்பில் சாப்பாடு வேகிறது. அந்த நேரத்தில் 10.3 என்பது பத்தரை ஆகிவிடுகிறது. இதில் உங்கள் அம்மாவின் குற்றம் எதுவும் இல்லை, ஒருவர் தலையில் இத்தனை வேலையை ஏற்றிய அமைப்பின் குறை இது. இதை வாசிப்பவருக்கு அந்த வித்தியாசம் தெளிவாகப் புரிய வேண்டும். குழந்தைகளின் பெயரோ, ஊரோ, பதிவேட்டின் படமோ எங்கும் வரக்கூடாது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 32.1 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். நீங்கள் எண்களை ஏற்றும் போஷன் டிராக்கர் செயலி காட்டும் விகிதம் அதைவிடக் கணிசமாகக் குறைவு. முதலாவது, மாதிரியாகத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய் அளந்தது. இரண்டாவது, அங்கன்வாடியில் பதிவாகி, எடை பார்க்கப்பட்ட குழந்தைகளின் கணக்கு. ஆண்டும் வேறு. இடைவெளியில் எவ்வளவு உண்மையான முன்னேற்றம், எவ்வளவு அளக்கும் முறையால் வந்தது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நீங்கள் எந்தத் துறையின் கதவையும் தட்டலாம்.

1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைத் தொடங்கிவைத்த புள்ளியியல் அறிஞர் மகலனோபிசும் இதே கவலையில்தான் இருந்தார். ஒரே பகுதியிலிருந்து தனித்தனி மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுக்களிடம் கொடுத்து அளக்கச் செய்வார். குழுக்களின் விடைகள் எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்து களத்தில் நடக்கும் பிழையின் அளவு தெரியும். அவர் 1931இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத்தான் உங்கள் பட்டியலில் முதலிடத்தில் வைக்கச் சொல்வேன். அங்கே எம்.ஸ்டாட் என்ற புள்ளியியல் முதுகலைப் படிப்புக்கு மூன்றாண்டுப் பட்டம் போதும். தேர்வு கடினம்தான், பயிற்சி எடுத்தே ஆக வேண்டும். பழைய வினாத்தாள்கள் அவர்கள் தளத்திலேயே கிடைக்கும். சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை கொடுத்து வருகிறார்கள். இந்த ஆண்டு அறிவிப்பில் அதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதோடு ஐஐடிகளின் முதுகலை நுழைவுத் தேர்வான ஜாம் தேர்வில் கணிதப் புள்ளியியல் தாள் எழுதுங்கள், கான்பூர் போன்ற ஐஐடிகளுக்கு அது வழி. புதுச்சேரி, ஹைதராபாத் பல்கலைக்கழகங்களையும் சென்னைப் பல்கலைக்கழகத்தையும் விட்டுவிடாதீர்கள். பிறகு வேலை வேண்டுமென்றால் யுபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. நாட்டின் எண்கள் உருவாகும் இடத்துக்கே போய்விடலாம்.

லோன் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அமெரிக்காவில் முதுகலைக்குப் பெரும்பாலும் நாம்தான் பணம் கட்ட வேண்டும். நல்ல முனைவர் படிப்புகளில் பொதுவாகக் கட்டணமும் தள்ளுபடி, கையில் ஊதியமும் உண்டு. நம் மூன்றாண்டு பட்டத்தை ஏற்காத பல்கலைக்கழகங்களும் அங்கே இருக்கின்றன. விசா கணக்கும் உண்டு: புள்ளியியல் ‘ஸ்டெம்’ (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் வருவதால் படிப்பு முடிந்து 12 மாத வேலை அனுமதியோடு 24 மாத நீட்டிப்பும் கேட்கலாம். பொதுக் கொள்கைப் பட்டங்கள் பலவற்றுக்கு அந்த நீட்டிப்பு இல்லை. கன்சல்டன்சியில் இதையெல்லாம் சொன்னார்களா?

ஆங்கிலம் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் தமிழ்வழி என்று சொன்ன தொனியில் தயக்கம் தெரிந்தது. எடைப் பதிவேடு பற்றி ஒரு பக்கம் முதலில் தமிழிலேயே எழுதுங்கள். எந்த வார்த்தையைப் போட்டால் கௌரவமாக இருக்கும் என்று யோசிக்காமல், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். பிறகு சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆங்கிலத்தில் மாற்றுங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள். படித்துவிட்டுக் குறிப்புகளோடு திருப்பி அனுப்புகிறேன்.